துவைக்காத ஸ்வெட்டர்

சீசன் வந்துவிட்டால் கொடைக்கானலில் எல்லாரும் மனிதர்களை நம்பிப் பிழைப்பார்கள். முருகேஸ்வரி நாய்களை நம்பிப் பிழைத்தாள். அதனால் அவள் ஏமாந்தது குறைவு.

மே மாதத்திலும் டிசம்பர் கடைசியிலும் மலையேறி வருகிறவர்களில் சிலருக்கு நாயை வீட்டில் விட்டுவர மனம் வராது. காரில் ஏற்றி, கொண்டை ஊசி வளைவெல்லாம் அதை வாந்தி எடுக்க வைத்து, மேலே வந்து சேர்ந்த பிறகுதான் படகுக்குள்ளும் ஓட்டலுக்குள்ளும் நாயை விடமாட்டார்கள் என்பது தெரியவரும். அப்படி முழித்துக்கொண்டு நிற்பவர்களுக்கு யாராவது ஒரு டாக்ஸி டிரைவர் நாயுடுபுரத்துக்கு வழி சொல்லுவார். அங்கே முருகேஸ்வரியின் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, கம்பிவலை அடித்த சில தடுப்புகள், ஓடித் திரிய ஒரு கொல்லை. காலையில் நடை, மத்தியானம் கஞ்சி, சாயங்காலம் சொன்னபடி கேட்கப் பழக்குவது. கால்நடை ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கும் வேலையில் இருந்தபோது பிடித்துக்கொண்ட தொழில் இது.

வருகிற நாய்களில் பாதிக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். வளர்க்கிறவர் வத்தலக்குண்டுக்காரராக இருந்தாலும் நாய் ‘சிட்’ என்றால்தான் உட்காரும். முருகேஸ்வரி அதற்கெல்லாம் அசரமாட்டாள். “உக்காரு” என்று ஒரு தடவை சொல்லுவாள். அது உட்காருகிற வரைக்கும் கஞ்சித் தட்டு அவள் இடுப்பை விட்டு இறங்காது. இரண்டொரு நாளில் நாய்க்குத் தமிழ் வந்துவிடும். ஊருக்குத் திரும்பிய பிறகு அதன் சொந்தக்காரர்கள்தான் திண்டாடுவார்கள்.

ஆனால் உண்மையான வித்தை கஞ்சியில் இல்லை, துணியில் இருந்தது. நாயை விட்டுப் போகிறவர்கள் தாங்கள் போட்டுக் கழற்றிய துணி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். சட்டையோ சால்வையோ, எதுவானாலும் துவைக்காததாக இருக்க வேண்டும். முருகேஸ்வரி அதைத் தன் தோளில் போட்டுக்கொள்வாள். அப்புறம் கொடுக்கிறவரே நாயின் கயிற்றை அவள் கையில் கொடுக்க வேண்டும். நாய் மோந்து பார்க்கும். நம்ம ஆளுடைய வாசம் இந்தப் பொம்பளை மேல் இருக்கிறதே என்று யோசிக்கும். சரி, மனசறிந்துதான் கொடுத்திருக்கிறார்கள் என்று அடங்கிவிடும். அது திரும்பிப் போகிற வரைக்கும் துணி அதன் படுக்கையிலேயே கிடக்கும், தண்ணீரைப் பார்க்காது. சில அம்மாக்கள் மரியாதைக்காகத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொண்டுவருவார்கள். “சோப்பு வாசத்தை நம்பி நாய் வராதும்மா. இப்ப போட்டிருக்கீங்கள்ல, அந்த ஸ்வெட்டரக் குடுங்க” என்று கையை நீட்டுவாள்.

நாயிடம் வாயால் சொல்ல முடியாததை மூக்கு வழியாகச் சொல்லுகிற ஏற்பாடு அது. உன்னைக் கொடுத்தது நான்தான், பயப்படாதே என்று சொல்லுகிற ஏற்பாடு. அதில்கூடப் பொய் சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

மிளகு அவளுடைய சொந்த நாய். கூக்காலுக்குப் பூண்டு வாங்கப் போன இடத்தில், மூட்டைகளுக்கு நடுவே கருப்பாக உருண்டு கிடந்தது. குட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தால் கண்டக்டர் ஏற்றமாட்டேன் என்றார். அந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று கூக்கால்காரர்களுக்கே நிச்சயமில்லை. முருகேஸ்வரி பஸ்ஸை விட்டுவிட்டாள். சாயங்காலம் ஒரு கேரட் லாரியிலிருந்து குட்டியோடு இறங்கியவளைப் பார்த்து அவள் கணவன் பழனிக்குமார், “பூண்டு எங்க?” என்றான். பூண்டு லாரியிலேயே போய்விட்டிருந்தது. அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார்கள்.

வளர்ந்த பிறகு மிளகு தொழிலில் பாதியைத் தன் தலையில் போட்டுக்கொண்டது. புது நாய் வந்து ஊளையிட ஆரம்பித்தால், கம்பிவலைக்கு வெளியே போய் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்துவிடும். குரைக்காது, திரும்பிப் பார்க்காது. கொஞ்ச நேரத்தில் உள்ளே இருப்பதும் படுத்துவிடும். இதை அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. முருகேஸ்வரி சொல்லித்தந்தது வேறு ஒன்று. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், கூப்பிட்டது யாராக இருந்தாலும், எதில் வாய் வைத்திருந்தாலும், விட்டுவிட்டு ஓடிவர வேண்டும். நாயுடுபுரத்தில் மேகம் இறங்கிவிட்டால் ரோட்டில் காட்டெருமை நிற்பது பக்கத்தில் போகிறவரை தெரியாது. கூப்பிட்டு வராத நாய் கொம்பில் போய்த்தான் நிற்கும். அதனால் அந்த ஒரு பழக்கத்தில் மட்டும் அவள் கருணை காட்டியதில்லை.

பழனிக்குமாருக்குக் கொஞ்சம் மேலே, கோயம்புத்தூர்க்காரர் குருநாதனுடைய காட்டேஜில் வேலை. காவல், பராமரிப்பு, முதலாளி குடும்பம் வந்தால் கூடமாட எல்லாமும் அவன்தான். கெட்டவன் என்று ஒருத்தரும் சொல்ல முடியாது. யார் என்ன கேட்டாலும் “சரிங்க” என்பான். வெளியில் அதற்குத் தங்கமான மனுஷன் என்று பெயர். அவன் வெளியில் சொன்ன சரிகளையெல்லாம் வீட்டில் இருந்து நிறைவேற்றுகிறவளிடம் அதற்கு வேறு பெயர் இருந்தது. அவள் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

போன மே மாதம் குருநாதன் குடும்பம் வந்து காட்டேஜில் தங்கியது. பழனிக்குமார் காலையில் பால் கொண்டுபோகும்போது மிளகுவும் கூடவே போகும். முதலாளியின் மகள் ஸ்வேதா, ஒன்பது வயசுப் பிள்ளை, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள் என்று அவன் வந்து சொல்லுவான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே பேச்சை எடுத்தான்.

“பாப்பா மிளகு மேல உசுரா இருக்கு ஈஸ்வரி. முதலாளி கேக்குறாரு. குடுத்துருவமா?”

“அவுக காரு நல்லா இருக்கு. கேட்டாக் குடுப்பாகளான்னு கேட்டுட்டு வாங்க.”

அவனும் சிரித்தான். அவள் இன்னொரு தோசை ஊற்றினாள். அத்தோடு பேச்சு முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

அந்த வாரக் கடைசியில் ஆயக்குடியில் தங்கச்சி மகளுக்கு வளைகாப்பு. கொட்டகையை அவனிடம் ஒப்படைத்துவிட்டு மலையிறங்கினாள். கீழே வெயில் கொளுத்தும் என்பதால் ஸ்வெட்டரைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டுப் போனாள். மறுநாள் ஒரு பை நிறையக் கொய்யாவோடு திரும்பி வந்தபோது கேட்டில் மிளகு இல்லை. பழனிக்குமார் நின்றான்.

“மிளகுவக் காணோம்” என்றான். “நேத்து சாயங்காலம் சோலைக்காட்டுப் பக்கம் ஓடுச்சு. கூப்பிட்டேன், வரல.”

“கூப்பிட்டும் வரலையா?” அவளுக்கு அதுதான் விளங்கவில்லை.

“சிறுத்தை நடமாட்டம் இருக்குன்னு ஃபாரஸ்ட்காரங்க சொன்னாங்கள்ல. அதப் பாத்து மெரண்டிருக்கும். இல்லாட்டி...” என்று நிறுத்திக்கொண்டான்.

கொய்யாப் பையைக் கேட்டிலேயே போட்டுவிட்டு அவள் சோலைக்குள் இறங்கினாள். அவனும் வந்தான். அவன்தான் முன்னால் போனான். முள்ளை ஒதுக்கி வழிசெய்து கொடுத்தான். இரண்டு கையையும் வாயருகே குவித்து, “ஏலே மிளகு... ஏலே மிளகு...” என்று மரமெல்லாம் கேட்கும்படி கூப்பிட்டான். ஓரிடத்தில் அவன் குரல் உடைந்தது. அதைக் கேட்டு அவளுக்கு அழுகை வந்தது. நாய்க்காக வந்ததைவிட அவனுக்காக வந்தது. ஓடைக்கரைச் சேற்றில் குனிந்து பார்த்தவன், “தடம் மாதிரி இருக்கு. நீ பாக்காத” என்று அவளைத் தோளைப் பிடித்துத் திருப்பினான்.

அவள் அப்போதும் விடவில்லை. தொலைந்த நாய் திரும்பிவர, வளர்த்தவர் போட்ட துணியைக் காணாமல்போன இடத்தில் விரித்துவைப்பது உண்டு. அதற்காகப் பச்சை ஸ்வெட்டரைத் தேடினாள். கதவுக்குப் பின்னால் வெறும் ஆணி இருந்தது.

“கொல்லையில வெயில்ல போட்டேன். கொரங்கு இழுத்துட்டுப் போயிருக்கும்” என்றான்.

கொடைக்கானல் குரங்கு ஆள் கையிலிருந்து செல்போனையே பிடுங்கிக்கொண்டு போகும். ஸ்வெட்டர் அதற்கு எம்மாத்திரம் என்று அவளும் நம்பினாள். உடம்பில் போட்டிருந்த சால்வையை எடுத்துக்கொண்டுபோய்ச் சோலை ஓரத்தில் விரித்தாள். மழை தூறியது. அவள் குனிந்து சால்வையின் நான்கு மூலையிலும் கல் வைத்து முடிக்கிற வரை அவன் குடை பிடித்துக்கொண்டு நின்றான்.

தினமும் வெள்ளனே போய்ப் பார்ப்பாள். சால்வை நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து, பூஞ்சை பிடித்தது. பழனிக்குமார் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டில் கையை வைத்தபடி உட்கார்ந்திருப்பான். அதைப் பார்க்கப் பொறுக்காமல் அவள்தான் அவனைத் தேற்றினாள். “நம்ம குடுப்பினை அம்புட்டுத்தாங்க. அதுக்காக நீங்க வயித்தக் காயப்போட்டா ஆச்சா” என்று குழம்பை ஊற்றி, அவன் இரண்டு வாய் உண்ணுகிற வரை பக்கத்திலேயே இருந்தாள். பிறகு ஒருநாள் சால்வையை எடுத்துவந்து அடுப்பில் போட்டுக் கொளுத்தினாள்.

டிசம்பர் வந்தது. கிறிஸ்துமஸ் லீவுக்கு நாய்கள் வர ஆரம்பித்தன. கம்பிவலைக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு படுக்க ஆளில்லாததால் ஒவ்வொன்றும் நாள் முழுக்க அழுதது. முருகேஸ்வரி ஒரு தடுப்பிலிருந்து இன்னொரு தடுப்புக்கு ஓடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. புது நம்பர்.

“முருகேஸ்வரிங்களா? நான் குருநாதன் வீட்ல ரேணுகாதேவி பேசறனுங்க, கோயம்புத்தூர்ல இருந்து. காட்டேஜ்காரங்க.”

“சொல்லுங்கம்மா. நல்லா இருக்கீகளா?”

“நல்லா இருக்கறமுங்க. நெட்ல உங்க நாய் போர்டிங் நம்பர் கெடச்சுது. உங்ககிட்டயே ஒரு வார்த்தை நன்றி சொல்லணும்னு இத்தன நாளா நெனச்சுட்டே இருந்தனுங்க. பழனிகிட்டச் சொல்லிவிட்டேன், சொன்னாருங்களா?”

“எதுக்கும்மா நன்றி?”

“என்னங்க இப்படிக் கேக்கறீங்க. வளத்த நாயத் தூக்கிக் குடுக்க யாருக்குங்க மனசு வரும்? மிளகு வந்த பொறவுதானுங்க எங்க ஸ்வேதா தனியாப் படுத்துத் தூங்கறா.”

கையிலிருந்த கஞ்சித் தட்டை முருகேஸ்வரி தரையில் வைத்தாள். ஒரு நாய் அதில் வாயை வைத்தது. உட்காரச் சொல்ல அவளுக்கு நினைவு வரவில்லை.

ரேணுகாதேவி பேசிக்கொண்டே போனாள். நல்ல மனசோடு பேசுகிற பேச்சு. ஒவ்வொரு வார்த்தையும் நல்ல மனசோடுதான் வந்து விழுந்தது. “அதுவும் உங்க ஸ்வெட்டரயே குடுத்துவிட்டீங்களே. அதில்லாமத் தூங்கவே மாட்டேங்குதுங்க. உங்க வீட்டுக்காரர் எல்லாம் முறையாச் சொல்லிக்குடுத்தாருங்க. துவைக்கக் கூடாது, மொதல்ல பாப்பா தோள்ல போட்டுக்கணும், கயிறு கையிலதான் குடுக்கணும்னு. துளி சத்தம் போடாம வந்து கார்ல ஏறுச்சுங்க. இருங்க, காட்டறேன்.”

போனில் படம் வந்தது. வழவழப்பான தரை, சுவரோரம் ஒரு மெத்தை, மெத்தை மேல் பச்சை ஸ்வெட்டர், ஸ்வெட்டர் மேல் தாடையை வைத்துக்கொண்டு மிளகு. பச்சை நூல் கிடைக்காமல் அவளே காப்பிக்கலர் நூலில் ஒட்டுப்போட்ட முழங்கை மேலே தெரிந்தது. கொஞ்சம் சதை போட்டிருந்தது மிளகு. உயிரோடு இருந்தது. அந்தச் சந்தோஷம் ஒரு கணம் வரத்தான் செய்தது. அடுத்த கணம் சோலைக்குள் கேட்ட “ஏலே மிளகு” காதில் விழுந்தது.

“லீவுக்கு வர்றமுங்க. கூட வர்ற சொந்தக்காரங்களுக்கு நாய்னா பயம். அந்த ஒரு வாரம் உங்ககிட்டயே விடலாம்னு பாக்கறனுங்க. அதுக்கும் உங்களப் பாத்த மாதிரி இருக்கும். விடலாங்களா?”

“கூட்டிட்டு வாங்கம்மா” என்றாள் முருகேஸ்வரி.

சாயங்காலம் பழனிக்குமார் வந்தபோது அவள் விளக்குப் போடாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். “என்ன, கரெண்ட் இல்லையா?” என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றினான்.

“கொரங்கு ஸ்வெட்டரத் திருப்பிக் குடுக்க வருதாம்” என்றாள்.

அவன் ஒரு செருப்போடு நின்றான். எப்படித் தெரிந்தது என்றுகூடக் கேட்கவில்லை. மற்றச் செருப்பையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, “மிளகுவக் கூட்டிட்டு வர வேணாம்னு முதலாளிகிட்டச் சொல்லியிருந்தேனே” என்றான்.

அதுதான் முதல் வார்த்தையாக வந்தது. முருகேஸ்வரிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

“ஏங்க செஞ்சீங்க?”

“முதலாளி பத்துப் பேருக்கு முன்னால கேட்டாரு. நான் சரின்னுட்டேன். வாக்குக் குடுத்துட்டு எப்படி இல்லேங்கறது?”

“என்கிட்டக் கேட்டீங்களே.”

“அது வாக்குக் குடுத்ததுக்கு அப்பறம். நீ முடியாதுன்னுட்ட.”

“அப்ப என் பதிலு தெரிஞ்சுதான செஞ்சீங்க. தெரியாமச் செஞ்சிருந்தாக்கூட மனசு ஆறும்.”

“நல்ல எடம் ஈஸ்வரி. மெத்தை, டாக்டரு, வேளாவேளைக்குச் சோறு. இங்க கெடந்தா என்னைக்கு இருந்தாலும் சிறுத்தை வாயிலதான்...”

“சிறுத்தைன்னு ஏன் சொன்னீங்க?”

“செத்துருச்சுன்னா தேடமாட்டன்னு நெனச்சேன்.”

“நான் தேடினப்ப கூட வந்தீங்களே. கூப்பிட்டீங்களே. குடை பிடிச்சீங்களே.”

குடைக்கு என்ன பதில் சொல்ல முடியும்? அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “அந்த அம்மாகிட்ட நீ சந்தோசமாக் குடுத்ததாச் சொல்லியிருக்கேன். வந்தா எதுவும் சொல்லிராத. என் மானம் போயிரும். ஒரு வாரம் மிளகு உன்கிட்டத்தான இருக்கப்போகுது. கண்ணாரப் பாத்துக்க” என்றான்.

அவள் எழுந்து உள்ளே போய் விளக்கைப் போட்டாள். அவளைச் சுட்டது நாய் போனது மட்டுமல்ல. திருடன் வந்து தூக்கிப்போயிருந்தால் மிளகு கடித்திருக்கும், கத்தியிருக்கும், ஊரையே கூட்டியிருக்கும். இவன் அவளிடம் பார்த்துப் பார்த்துப் படித்த வித்தையை வைத்து, அவள் உடம்பு வாசத்தை வைத்து, அவளே கொடுத்த மாதிரி கொடுத்திருக்கிறான். அந்த முறைகளில் ஒன்றுகூடத் தப்பாமல் செய்திருக்கிறான். பல வருஷம் கூட இருந்து கற்றுக்கொண்டது வீண்போகவில்லை.

அவர்கள் வருகிற அன்று காலையிலிருந்தே அவள் கேட்டில் நின்றாள். கார் நின்றதும் மிளகு பாய்ந்து வந்து மேலே விழும், தாங்கிக்கொள்ள வேண்டும் என்று கால்களை அகட்டிக்கூட நின்றாள். கதவு திறந்தது. ஸ்வேதா கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அவள் கக்கத்தில் பச்சை ஸ்வெட்டர் இருந்தது. பின்னாலேயே மிளகு குதித்தது.

“மிளகு” என்றாள் முருகேஸ்வரி.

வந்தது. கூப்பிட்டால் வர வேண்டும் என்று பழகிய நாய், வந்தது. ஆனால் காதை மடக்கிக்கொண்டு, வாலைத் தாழ்த்தி, தப்புச் செய்துவிட்டு வருகிற மாதிரி வந்தது. அவள் பாதத்தை மோந்தது. பிறகு ஓரடி தள்ளி உட்கார்ந்து காரைத் திரும்பிப் பார்த்தது. கொட்டகையில் விட்டுப்போகிற நாய்கள் எல்லாம் முதல்நாள் அப்படித்தான் உட்காரும்.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. மிளகுவுக்குப் பழனிக்குமார் சொன்ன பொய் தெரியாது, கொடுத்த வாக்குத் தெரியாது, முதலாளி கேட்டது தெரியாது. அதன் மூக்குக்குத் தெரிந்தது ஒன்றுதான். கொடுத்தது அவள். அவள்தான் வேண்டாம் என்று கொடுத்துவிட்டாள். இத்தனை மாதமும் அந்த ஸ்வெட்டரில் தாடையை வைத்துக்கொண்டு அது அதைத்தான் மோந்துகொண்டிருந்திருக்கிறது. தான் என்ன தப்புச் செய்தோம் என்று தேடியிருக்கும். முருகேஸ்வரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பாத்தீங்களா, அழறாங்க. எவ்வளவு பாசம்” என்று ரேணுகாதேவி இறங்கி வந்து அவள் கையைப் பிடித்தாள். “இப்படிப்பட்ட நாயக் குடுத்தீங்களே, உங்களுக்குப் பெரிய மனசுங்க.”

பழனிக்குமார் காரின் டிக்கியிலிருந்து நாய்ச் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினான்.

“நான் குடுக்கலம்மா” என்றாள் முருகேஸ்வரி. “நான் ஊர்ல இல்லாதப்ப இவரு குடுத்துருக்காரு. என்கிட்ட சிறுத்தை தூக்கிருச்சுன்னு சொன்னாரு. நான் அந்தச் சோலைக்குள்ள நாள்கணக்காத் தேடினேன். இவரும் கூடச் சேந்து தேடினாரு.”

பிடித்திருந்த கையை ரேணுகாதேவி விடவில்லை. “என்ன பழனி இது?” என்றாள். தங்கமான மனுஷன் கார் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றான். “சாமி சத்தியமா எங்களுக்குத் தெரியாதுங்க” என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். மகளைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள். “ஸ்வேதா... இது ஆன்ட்டியோட நாய் கண்ணு.”

பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றது. “அப்ப ஆன்ட்டி, நீங்க அழுதீங்களா?” என்று கேட்டது.

“ஆமா கண்ணு.”

“ரொம்ப நாளா?”

“ரொம்ப நாளா.”

ஸ்வேதா ஸ்வெட்டரை நீட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, தன் கழுத்தில் சுற்றியிருந்த ரோஸ் மஃப்ளரைக் கழற்றினாள். முருகேஸ்வரி தானாகக் குனிந்தாள். பிள்ளை அதை அவள் தோளில் போட்டு, கயிற்றை அவள் கைக்குள் வைத்து, விரல்களை மூடிவிட்டது.

“இது தொவைக்கல ஆன்ட்டி” என்றது. அப்புறம்தான் அழுதது.

மிளகு எழுந்து வந்து மஃப்ளரை மோந்தது. அதற்குப் பிறகு அது காரைப் பார்க்கவில்லை. அதை முறைப்படி கொடுத்தது அந்தப் பிள்ளை ஒருத்திதான். முருகேஸ்வரி அவளைச் சேர்த்து அணைத்து, எந்த சீசனுக்கு வந்தாலும், எத்தனை நேரம் வேண்டுமானாலும் வந்து மிளகுவோடு இருந்துகொள்ளலாம் என்று சொன்னாள். பிள்ளை தலையை ஆட்டியது. ரேணுகாதேவி பழனிக்குமாரிடம் ஒரு வார்த்தை பேசாமல் காரில் ஏறினாள்.

கார் வளைவில் மறைந்தது. முருகேஸ்வரி ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். துவைக்கிற கல் பக்கத்தில் வாளியை வைத்துச் சோப்புத்தூளைக் கொட்டி, ஸ்வெட்டரை உள்ளே போட்டு அமுக்கினாள். மிளகு கொட்டகைக்குப் போய், அழுதுகொண்டிருந்த ஒரு லாப்ரடார் குட்டியின் வலைக்கு வெளியே முதுகைக் காட்டிப் படுத்தது. அதற்குத் தன் சோலி ஞாபகம் இருந்தது.

பழனிக்குமார் பின்னாலேயே வந்து நின்றான். “எல்லாருக்கும் முன்னால என்னைய இப்படி நிக்க வச்சுட்டியே” என்றான். அவள் கசக்கிக்கொண்டிருந்தாள். “அதான் வந்துருச்சுல்ல. இன்னமும் என்ன? மன்னிப்பு வேணுமா, கேக்குறேன்.”

“கூப்பிடுங்க” என்றாள்.

“என்னது?”

“சோலைக்குள்ள கூப்பிட்டீங்களே, அதே மாதிரி இப்பக் கூப்பிடுங்க. அந்தக் கொரல இன்னொரு தடவ கேக்கணும்.”

அவன் கைகளைக் குவிக்கப் போய், பாதியில் இறக்கிக்கொண்டான். “ஏலே மிளகு” என்றான். குரல் அவனுக்கே கேட்டிருக்காது.

மிளகுவுக்குக் கேட்டது. படுத்திருந்தது எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து, அவன் முழங்காலில் முட்டி, கையை நக்கியது. அவன் முகத்தில் உயிர் வந்தது. அதன் தலையைத் தடவியபடி சிரித்துக்கொண்டே அவளைப் பார்த்தான்.

“பாத்தியா? அதுவே வந்துருச்சு. அதுக்கே என் மேல கோவமில்ல.”

முருகேஸ்வரி ஸ்வெட்டரைத் தூக்கிப் பிழிந்தாள். பச்சைச் சாயத்தோடு நுரை அவள் கைவழியே இறங்கியது.

“அது வருங்க” என்றாள். “கூப்பிட்டா வரணும்னு அத நான் பழக்கியிருக்கேன். என்னைய யாரும் அப்படிப் பழக்கல.”